ஆக்ஸ்போர்டில் நம்ம போப்



போன கோடை லீவில் இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் பிளெனிம் அரண்மனைக்கும் ஆக்ஸ்போர்டு நகரத்துக்கும் கூட்டிப் போனார்.

அரண்மனை வுட்ஸ்டாக் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. அடேங்கப்பா! முற்றத்தில் நின்றால் மூன்று பக்கமும் கட்டடம்தான். 1704-இல் ஜெர்மனியில் பிளெனிம் என்ற இடத்தில் பிரெஞ்சு, பவேரியப் படைகளை ஜெயித்ததற்காக, தளபதி மார்ல்பரோ பிரபுவுக்கு ஆன் அரசி இந்த நிலத்தைக் கொடுத்தார். அதற்கு வாடகை என்ன தெரியுமா? வருஷத்துக்கு ஒரு கொடி! வின்ஸ்டன் சர்ச்சில் 1874-இல் பிறந்ததும் இந்த அரண்மனையில்தான்.

பூங்காவில் 41 மீட்டர் உயரத்துக்கு ஒரு தூண். உச்சியில் பிரபுவின் சிலை. அடியில் அவருடைய வெற்றிகளை நீளமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்தது. "அடுத்து, குனிஞ்சு படிக்கிற கல் ஒண்ணு காட்டுறேன், வா" என்றார் சித்தப்பா.

அங்கிருந்து 13 கி.மீ. தூரத்தில் ஆக்ஸ்போர்டு. யுனிவர்சிட்டிக்கென்று தனி காம்பவுண்டு கிடையாது. ஊர் முழுக்கக் கல்லூரிகள்தான். வால்டன் தெருப் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். அங்கே இருக்கிறது ஜி.யு.போப் ஐயாவின் கல்லறை!

நம்ம தூத்துக்குடிக்குப் பக்கத்தில், சாயர்புரத்தில் பள்ளி நடத்திய அதே போப்தான். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இல் வந்தது. 1900-இல் திருவாசகம் வந்தபோது அவருக்கு வயசு 80!

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று அவர் கல்லறையில் எழுதியிருப்பதாகப் பேச்சுப் போட்டிகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கல் முழுவதையும் நிதானமாகப் படித்தேன். அந்த வரி இல்லவே இல்லை. ஆனால் வேறொரு செய்தி இருக்கிறது. அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்தார்களாம். ஆங்கிலத்தில் அப்படித்தான் பொறித்திருக்கிறது.

போப் இறந்தது 1908-இல். அப்போது இங்கிலாந்துக்குப் போக வாரக்கணக்கில் கப்பலில் கிடக்க வேண்டும். அந்தக் கல்லை நேரில் பார்க்கவே வாய்க்காது என்று தெரிந்தும் நம்ம ஆட்கள் அதில் பங்கெடுத்திருக்கிறார்கள். அதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரபுவின் தூண் அவர் யாரை ஜெயித்தார் என்று சொல்கிறது. போப்பின் கல் அவரை யாரெல்லாம் நேசித்தார்கள் என்று சொல்கிறது.

நண்பர்களே, அடுத்த பேச்சுப் போட்டியில் போப்பைப் பற்றிப் பேசினால் இந்த உண்மையைச் சொல்லுங்கள். இல்லாத வரியைவிட இது எவ்வளவோ பெரிசு. இதில் நமக்கும் பங்கு இருக்கு!



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி