தட்டை எடுக்கும் முன் சட்டம்

மாகறல்காரர்களுக்குப் பொன் என்றதும் உடும்புதான் நினைவுக்கு வரும். சோழ மன்னன் துரத்திய பொன்னுடும்பு புற்றுக்குள் புகுந்த இடத்தில்தான் மாகறலீஸ்வரர் வெளிப்பட்டார் என்கிறது தலபுராணம். அந்த ஊரில் பிறந்த நான் இன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ஓடைகளில் விடுமுறை நாள்களில் பொன் அரிக்கிறேன்.

ஓடை வளையும் இடத்தின் உட்புறத்திலும் அடிப்பாறையின் வெடிப்புகளிலும்தான் கனமான பொருள் தங்கும். அங்கே அள்ளிய சரளையைத் தட்டிலிட்டு, நீருக்குள் அமிழ்த்திக் குலுக்க வேண்டும். பொன் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம். வெள்ளைக்கல் மூன்று மடங்குகூட இல்லை. குலுக்கக் குலுக்கப் பொன் அடியில் இறங்கும். பிறகு தட்டைச் சாய்த்து மேலே நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வழியவிட வேண்டும். அரிசியில் கல் அரிக்கிற அதே கைப்பக்குவம். இங்கே மட்டும் வேண்டியது அடியில் நிற்கும். கடைசியில் கொஞ்சம் கருமணல் மிஞ்சும். அதைச் சுழற்றினால் மணல் விலகி, ஓரத்தில் மஞ்சள் துணுக்கு ஒன்று நகராமல் நிற்கும். மைக்கா வெயிலில் மினுக்கி நிழலில் மங்கிவிடும். பொன் நிழலிலும் அதே மஞ்சள்தான்.

அந்தத் துணுக்கை எனக்கு உரியதாக்குவது ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அனுமதிச் சீட்டு. பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் கட்டு என்ற கெடுபிடியை எதிர்த்து, 1854 டிசம்பரில் பல்லாரட்டின் யுரேகாவில் சுரங்கத் தொழிலாளர்கள் அரண் அமைத்து நின்றார்கள். படை புகுந்து இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மறு ஆண்டே பழைய உரிமம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுண்டில் இந்தச் சீட்டு வந்தது. இன்று அது பத்து ஆண்டுகள்வரை செல்லும். கைக்கருவிகளால் தேடலாம், கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனியார் நிலமென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கூடாது. பூர்வகுடிகளின் பண்பாட்டுச் சின்னங்களைத் தொடவே கூடாது. தோண்டிய குழியை மூட வேண்டும். அரசின் ஜியோவிக் வரைபடத்தில் இடத்தைச் சரிபார்த்த பிறகே நான் கிளம்புவேன்.

“மாமா, நம்ம செய்யாத்து மணலை அரிச்சா ஏதாச்சும் கிடைக்குமா?” என்று ஊரிலிருந்து அக்கா மகன் கேட்பான். கிடைக்குமா என்பது அப்புறம். அரிக்கலாமா என்று முதலில் கேள் என்பேன். பொழுதுபோக்குக்குப் பொன் தேடுபவருக்கு இந்தியச் சட்டத்தில் தனி வாசல் இல்லை. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதையே தடுக்கிறது. மீறினால் ஐந்தாண்டுவரை சிறை. 2015 திருத்தத்துக்குப் பிறகு தனியாருக்கான பொன் உரிமம் ஏலத்தில் போகிறது. தட்டும் மண்வெட்டியும் வைத்திருப்பவருக்கு அங்கே இடமில்லை. நிலத்தின் சொந்தக்காரருக்கே அடியிலுள்ள கனிமமும் சொந்தமாகலாம் என்று 2013-இல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சொந்தம் என்பது வேறு, தோண்டும் அனுமதி வேறு.

மண்ணுக்கடியில் மறைந்து கிடந்த நகைக்கும் நாணயத்துக்கும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2020 டிசம்பரில், எங்களுக்குப் பக்கத்து உத்திரமேரூரில் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது அரைக் கிலோவுக்கு மேல் பொன் கிடைத்தது. அது சாமிக்கே சேர வேண்டும் என்று ஊரார் முதலில் கொடுக்க மறுத்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகே வருவாய்த் துறையிடம் ஒப்படைத்தார்கள். அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒப்படைத்ததே சரி. கணக்கில் ஏறிய பொன்னுக்குத்தான் பிறகு கோயிலும் உரிமை கோர முடியும்.

நிலம் யாருடையது, அடியிலுள்ள கனிமம் யாருடையது, எடுத்த பிறகு பொருள் யாருடையது? பொன் அரிக்கும் கலையில் இந்த மூன்று கேள்விகளும் சேர்த்தி. ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் அன்றைக்கு நான் ஓடையில் இறங்குவதில்லை.