கொள்ளிடத்துக்கு அடியில என்ன நடக்குது?

முக்கொம்புன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பார்க், புளிசாத பார்சல், கிளாஸ் கட் அடிச்சுட்டு வந்து ஒதுங்குற ஜோடிகள்! அதெல்லாம் ஓகே பாஸ். அடுத்த தடவை போனா, ஷட்டருக்குக் கீழே தண்ணி வந்து விழுற இடத்தையும் ரெண்டு நிமிஷம் பாருங்க. சிவில் படிக்கிற பசங்களுக்கு அதுதான் சீன்!

திருச்சியில கரூர் பஸ் ஏறினா முக்கொம்பு பக்கம்தான். காவிரி இங்கதான் ரெண்டாப் பிரியுது. கொள்ளிடம், காவிரியைவிடப் பள்ளம், சரிவும் ஜாஸ்தி. அதனால தண்ணியெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பிச்சுது. 1836-ல ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணையைக் கட்டினார். பிரச்னை ஓவரா? அதான் இல்லை! இப்போ காவிரிக்குத் தண்ணி அதிகமாகி, அதோட படுகை அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. 1840-கள்ல காவிரித் தலைப்புலயும் ஒரு படுகை அணை போட வேண்டியதாப் போச்சு. தண்ணியைத் தேக்குறது இதோட வேலை இல்லை. 'மணல் மட்டம் இதுக்குக் கீழே இறங்கக் கூடாது'ன்னு ஆத்துக்குக் குறுக்கே நிக்கிற குட்டைச் சுவர், அவ்வளவுதான்.

அணையில தேங்கும்போது தண்ணி மணலை இறக்கி வெச்சுடும். ஷட்டரைத் தாண்டினதும், வெறுங்கையோட, செம வேகத்துல கீழே இருக்கிற மணலை அள்ள ஆரம்பிக்கும். குழி விழும். அந்தக் குழி மெள்ளப் பின்னாடி நகர்ந்து அஸ்திவாரத்துக்கே வந்து சேரும். இதைத் தடுக்கத்தான் கான்கிரீட் தளம், அதுல தண்ணியோட வேகத்தை மோதி உடைக்க வரிசையாக் கட்டைகள், அதுக்கும் அப்பால பாறாங்கல் விரிப்பு.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, மேலணையோட 45 மதகுல 9 மதகு வெள்ளத்தோட போயிடுச்சு. 'வயசாயிடுச்சு'ன்னாங்க அரசுத் தரப்புல. 'மணலை அள்ளினதால'ன்னாங்க விவசாயிகள். ரெண்டும் எதிரெதிர்க் கட்சியான்னு எனக்கு டவுட். காலுக்குக் கீழே மண் இருந்திருந்தா தாத்தா இன்னும் கொஞ்ச நாள் நின்னிருப்பார்! அதுக்குக் கொஞ்சம் கீழே இப்போ புது கதவணை நிக்குது.

அதே மாசம், சில நாள் முன்னாடிதான் திருவானைக்காவலுக்கும் டோல்கேட்டுக்கும் நடுவில 1928-ல கட்டின பழைய கொள்ளிடப் பாலத்தோட தூண்களும் சரிஞ்சுது. தூண்ல மோதுற தண்ணி நேராக் கீழே இறங்கி, குதிரை லாடம் மாதிரி சுத்திச் சுத்தி மணலைக் குடையும். இதுல கொடுமை என்னன்னா, வெள்ளம் வடியும்போது அந்தக் குழியை மணலே வந்து மூடிடும். வெயில் காலத்துல எட்டிப் பார்த்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

பக்கத்துல இருக்கிற புதுப் பாலத்துலதான் எங்க காலேஜ் பஸ் தினம் ரெண்டு தடவை போகுது. அதோட தூண்களைக் காப்பாத்த ஆத்துக்குள்ள ஒரு தடுப்புச் சுவர் கட்டினாங்க. 2024 ஆகஸ்ட் வெள்ளத்துல அதுலயும் ஒரு பகுதி அடிச்சுட்டுப் போயிடுச்சு. பக்கத்துல நின்ன உயரழுத்த மின்கோபுரமும் சாய்ஞ்சுது. சுவர் வேண்டாம்னு சொல்லலை. ஆனா 1934-ல இருந்து மேல இருந்து வர்ற மணலை மேட்டூர் அணை பிடிச்சு வெச்சுக்குது. இருந்த மணலை லாரியில ஏத்தினோம். ஆறு பள்ளமாகிட்டே போக, சுவர் மட்டும் தனியா எவ்வளவு நாள் தாங்கும்?

அப்படியே கல்லணைக்கும் ஒரு விசிட் அடிச்சோம். மேல தெரியுற ஷட்டர், பாலமெல்லாம் பிற்காலத்துச் சமாசாரம். கரிகாலன் கல்லெல்லாம் அடியில, மணலுக்குள்ள. ஆழம் தெரியாத மணல்ல அஸ்திவாரம் போடுற வித்தையை இங்கதான் கத்துக்கிட்டதாகக் காட்டனே ஒப்புக்கிட்டிருக்கார். மணல் அரிச்சா கல் இறங்கும். இறங்கின கல்லு மேல இன்னொரு கல். இன்னிக்கும் பாறாங்கல் விரிப்பு அதே டெக்னிக்தான்.

கரையோரம் ரெண்டு பெரிய கல் சரிஞ்சு, பாதி மணல்ல புதைஞ்சு கிடந்தது. கூட வந்த மெக்கானிக்கல் நண்பன், "பாருடா, இதுவும் விழுந்துடுச்சு"ன்னான். விழலை மச்சி, அது டியூட்டியில இருக்கு!