குறியிடாத எழுத்தும் குறியிடும் கருவியும்

மொழி கற்பிப்போர்க்குக் கருவி புதியதன்று. மரப்பலகையும் மைக்கூடும் ஒரு காலத்துக் கருவிகள். ஒலிநாடா பின்வந்த கருவி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. "ஹஜ்ரத், கைப்பேசியே எல்லாம் சொல்லும்போது நஹ்வு, ஸர்பு எதற்கு?" என்று பெற்றோர் சிலர் எளியேனிடம் கேட்கின்றனர். கேள்வி நேர்மையானது; விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

தாமிரபரணி கடல் சேரும் இடத்திற்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். தமிழின் ழகர, ளகர, ணகரங்களுக்கு அரபில் எழுத்தில்லை. அரபு எழுத்துக்களிலேயே புள்ளிகளும் குறிகளும் கூட்டி அரபுத் தமிழை ஆக்கிக்கொண்டனர் முன்னோர். அதுவும் அக்காலத்துத் தொழில்நுட்பமே. கருவியைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை. இரு மொழியையும் அறிந்து அதனைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டனர்.

இன்றைய கருவியாலும் நன்மை உண்டு. ஸீன், ஸாத், ஸே என்னும் மூன்று ஒலிகளும் தமிழ் எழுத்தில் ஒரே 'ஸ' ஆகிவிடுகின்றன. மாணவர் தம் குரலைப் பதிந்து மீண்டும் கேட்டால் வேறுபாடு விளங்கும். வகுப்பில் வாய்திறக்கக் கூசும் பிள்ளை வீட்டில் தனித்திருந்து உரையாடிப் பழகலாம். பயிற்சி வாக்கியங்கள் பத்து வேண்டுமெனில் நொடியில் கிடைக்கும். ஆசிரியர் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் போதும்.

இடறும் இடங்களும் உள. மொழிபெயர்ப்புக் கருவிகள் பலவும் ஆங்கிலத்தை இடைவழியாகக் கொண்டு வளர்ந்தவை. 'நீ', 'நீங்கள்' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல். காரைக்காலில் பிரெஞ்சு பயிலும் பிள்ளை அறிவான்: தமிழைப் போன்றே அம்மொழியிலும் 'தூ', 'வூ' என இரண்டு உண்டு. ஆங்கிலத்தின் வழியே செல்லும்போது மரியாதை நழுவி, ஆசிரியரை 'நீ' என்றழைக்க நேரலாம். அரபிலோ ஆணுக்கு 'அன்த', பெண்ணுக்கு 'அன்த்தி'. அங்கும் இதே இடர். ஹதீஸ் கேட்டால், இல்லாத ஒன்றைப் பாக எண்ணோடு புனைந்து தருவதும் உண்டு. யாரிடமிருந்து யார் கேட்டார் என்று ஸனதை ஆராயும் மரபினர் நாம்; நூலைத் திறந்து பாராமல் ஏற்றல் தகாது.

எல்லாவற்றிலும் பெரிது ஹரகத். காஃப், தே, பே என்னும் மூன்றெழுத்தைக் 'கதப' என்று படித்தால் 'எழுதினான்'. 'குதிப' எனில் 'எழுதப்பட்டது'. 'குதுப்' எனில் 'நூல்கள்'. எது பொருந்தும் என்பதை இடமும் இலக்கணமுமே தீர்மானிக்கும். கருவியோ, தான் பயின்ற பெருந்தொகை எழுத்துக்களில் எது மிகுதியாக வந்ததோ அதன் சாயலில் குறியிடுகிறது. பெரும்பாலும் சரியாகவே இடுகிறது.

ஆதலின் எம் வகுப்பில் ஒரு முறை வைத்துள்ளோம். முதலில் மாணவர் பென்சிலால் குறியிட வேண்டும்; பின்னரே கருவியின் குறியைப் பார்க்கலாம்; இரண்டும் மாறுபடும் இடத்தில் காரணம் கூற வேண்டும். ஒருநாள் ஒரு வாக்கியத்தைக் கருவி 'பாடத்தை எழுதினான்' என்று படித்தது. மேலப்பாளையத்து மாணவி ஒருத்தி, "எழுதியவன் யாரென்று முன்னே எங்கும் சொல்லப்படவில்லையே, ஹஜ்ரத்! 'பாடம் எழுதப்பட்டது' என்பதே பொருந்தும்" என்றாள். அவள் சொன்னதே சரி. வேறு நாட்களில் கருவியின் குறி சரியாக இருந்ததும் உண்டு. அப்போதும் காரணத்தை மாணவரே தேடிச் சொன்னார்கள். அந்தத் தேடலுக்குத்தான் நஹ்வும் ஸர்பும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியைப் பிடுங்கவும் வேண்டா. பாடம் முழுவதையும் அதனிடம் ஒப்படைக்கவும் வேண்டா. ரமலான் விடுமுறையில் வீடு வரும் பிள்ளையிடம் ஹரகத் இடாத ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினாலும், ஏன் அவ்வாறு படித்தேன் என்று சொல்லத் தெரிந்தால், அப்பிள்ளையின் கல்வி குறித்துக் கவலை வேண்டா.