அப்பாவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்!

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போறீங்களா பாஸ்? வாட்ஸ், பிராண்டு எல்லாம் அப்புறம். முதல்ல, கேட்கப் போற காது யாரோடதுன்னு யோசிங்க!

எங்க பாரிவாக்கம் வீட்டுல அது அப்பாவோட காது. அதுவும் ஒத்தைக் காது. சின்ன வயசுல வந்த சீழ் நோயில இடது காது சுத்தமா அவுட். ஆனா மனுஷன் இளையராஜா வெறியர். பழைய டேப் ரெக்கார்டர் மண்டையைப் போட்டதிலிருந்து செல்போனும் இயர்ஃபோனும்தான். ‘‘இப்பல்லாம் பாட்டுல பாதியைக் காணோம்டா... வெட்டிட்டானுங்க போல’’னு அடிக்கடி புலம்புவார்.

யாரும் வெட்டலை. 1978-ல் வந்த ‘ப்ரியா’ பாடல்களையே ஸ்டீரியோவில் பதிவு பண்ணினவர் ராஜா. ஸ்டீரியோன்னா இடதுக்கு ஒரு டிராக், வலதுக்கு ஒரு டிராக். கிட்டார் இடது டிராக்ல மட்டும் இருந்தா, இயர்ஃபோன்ல அப்பாவுக்கு அந்த கிட்டாரே கிடையாது. அவசரத்துக்கு, போன் செட்டிங்ஸ்ல ‘மோனோ ஆடியோ’வை ஆன் பண்ணிக் கொடுத்தேன். ரெண்டு டிராக்கும் கலந்து ஒரே காதுக்கு வந்துடும். ஆனா, ஹாலில் ஸ்பீக்கர் வெச்சா இந்தப் பஞ்சாயத்தே இல்லை. இடது ஸ்பீக்கர் சத்தமும் சுவரில் மோதி, தலையைச் சுத்தி, நல்ல காதுக்கு வந்து சேர்ந்துடும்.

ஆக, ஸ்பீக்கர்தான். கையில் இன்டர்ன்ஷிப் காசு 15 ஆயிரம். ஆவடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, நேரே ரிச்சி ஸ்ட்ரீட்!

அங்கே ‘4440 போர்டு’ தெரியாத ஆளே இல்லை. சில வாட்ஸ்தான் தரும் அந்த குட்டி ஐ.சி-யை வெச்சு வீட்டை அதிர வெச்ச அண்ணன்கள் எக்கச்சக்கம். இன்னொரு பக்கம், ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்ட அட்டைப்பெட்டிகள். உத்துப் பார்த்தா பக்கத்துல ‘பி.எம்.பி.ஓ.’னு பொடி எழுத்து. கண்சிமிட்டுற நேரத்துக்கான கற்பனைக் கணக்கு அது. தொடர்ந்து எவ்வளவு தரும்னு சொல்றது ‘ஆர்.எம்.எஸ்.’ அதை மட்டும் கேளுங்க.

இன்னொரு ரகசியம்... வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா கூடுறது 3 டெசிபல்தான். 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலா 89 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தாலும் அதே லாபம்! எங்க பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு, பக்கத்துக்கு 30 வாட்ஸே ஜாஸ்தி.

‘‘5.1 எடுத்துக்க தம்பி, சுத்திச் சுத்தி அடிக்கும்’’னார் கடைக்கார அண்ணன். ப்ளஸ் ஒன் படிக்கிற தங்கச்சியோட ஓட்டும் அதுக்குத்தான். யோசிச்சேன். நிஜ 5.1-ன்னா ஆறு தனித்தனி டிராக். மலிவு போர்டுகள் பலதும் அதே ஸ்டீரியோவைப் பின்னாடியும் அனுப்பி ஒப்பேத்தும். 2000-ல் வந்த ‘டால்பி ப்ரோ லாஜிக் 2’ கொஞ்சம் புத்திசாலி. ரெண்டு டிராக்லயும் பொதுவா இருக்குற குரலை நடுவுக்கும், வித்தியாசமா இருக்குறதைப் பின்னாடிக்கும் பிரிச்சுக் கொடுக்கும். சரவுண்டுக்குன்னே கலந்த பாட்டுகளும் இப்போ இருக்கு. 2012-ல் ‘சிவாஜி 3டி’ அட்மாஸ்ல வந்துச்சு. 2021-ல் ஆப்பிள் மியூசிக் அட்மாஸ் பாடல்களை ஆரம்பிச்சது. அதையெல்லாம் கேட்கணும்னா டீகோடர் உள்ள ரிசீவரே வேணும். டி.வி-யில் இருந்து சத்தம் எடுக்க ஹெச்.டி.எம்.ஐ. ‘இ-ஆர்க்’ இருக்கான்னும் பார்த்துக்கங்க.

ஆனா, சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு மூளை கண்டுபிடிக்கிறது, ரெண்டு காதுக்கும் இடையில இருக்குற துளி நேர வித்தியாசத்தையும் சத்த வித்தியாசத்தையும் வெச்சுத்தான். ஒத்தைக் காதுக்கு அந்தக் கணக்கு வராது. பின்னாடி நாலு ஸ்பீக்கர் வெச்சாலும் அப்பாவுக்கு அது சுத்தி அடிக்காது. அந்தக் காசை முன்னாடி இருக்குற ரெண்டு ஸ்பீக்கர்ல போட்டா, ஒவ்வொரு வாத்தியமும் தெளிவா விழும்.

முடிவு: பக்கத்துக்கு 30 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், 89 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அப்பா நாற்காலியை மட்டும் வலது காது ஹாலைப் பார்க்குற மாதிரி, இடது சுவரோரம் நகர்த்திப் போட்டேன்.

முதல் ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் எழுந்திருக்கலை மனுஷன். ‘‘இந்த கிட்டாரைத்தான்டா தேடிட்டிருந்தேன்’’னார். தங்கச்சி மட்டும் இன்னும் முறைக்கிறா. ‘உன் முதல் சம்பளத்துல 5.1 வாங்கிக்கோ தாயே’னு சொல்லியிருக்கேன்!