பெருநாளும் அறுவடையும் கடைக் கணக்கும்

கல்முனையில் புதிதாக ஒரு புடவைக்கடை திறந்தால் ஊர் பார்ப்பது போர்டையும் கண்ணாடியையும் ஏசியையும். நான் பார்ப்பது திறந்த மாதத்தை. நோன்புக்குச் சற்று முந்தித் திறக்கிறவன் முதல் பெருநாளில் கல்லா நிறைவதைக் கண்டு, வருஷம் முழுக்க இப்படித்தான் என்று நம்பிவிடுகிறான். பெருநாள் கழிந்த கையோடு இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் பேசுகிறான்.

எங்கள் கடைகளுக்கு வருகிற காசில் கடலுக்கும் பங்குண்டு, கட்டார் சவூதிக்கும் பங்குண்டு. ஆனால் ஒரேயடியாகக் கல்லாவை நிரப்புவது வயல்தான். பெரும்போகக் காசு பெப்ரவரி, மார்ச்சில் வரும். சிறுபோகக் காசு ஆகஸ்ட், செப்டெம்பரில். சிறுபோகத்துக்கு மழையை நம்ப முடியாது. சேனநாயக்க சமுத்திரம் என்கிற குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பதென்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். ஏப்ரலில் குளத்து நீர்மட்டத்தை விசாரிக்கிற புடவைக்கடைக்காரனை வெளியூர் ஏஜென்ட்மார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பெருநாளோ ஹிஜ்ரிக் கணக்கில் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டிருக்கும். அறுவடை இருந்த இடத்திலேயே இருக்கும். 2013இல் நோன்புப் பெருநாள் ஆகஸ்ட் முற்பகுதியில் வந்தது. சிறுபோக வெட்டு தொடங்குகிற நேரம். 2018இல் அது ஜூன் நடுவுக்கு வந்துவிட்டது. பெரும்போகக் காசு கரைந்து முடிந்து, சிறுபோகம் பச்சையாக வயலில் நிற்கும் காலம். அப்போதும் சனம் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்காமல் விடாது. கடன் கொப்பியில் எழுதிவிட்டு எடுக்கும். கடைக்குள் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் தெரிவது செக்கில். கொழும்புப் புறக்கோட்டை முதலாளிமார் இரண்டு மூன்று மாதம் தள்ளித் திகதி போட்ட செக்கை வாங்கிக்கொண்டு சரக்குத் தருவார்கள். அந்தத் திகதிக்கு எங்கள் வயலைப் பற்றித் தெரியாது. வியாபாரம் நன்றாக நடந்த கடைகள் மூடப்பட்டதை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன். ஒரு செக் திரும்பினால் அடுத்த சரக்கு கைக்காசுக்குத்தான். கைக்காசு கொப்பிக்குள் கிடக்கிறது. மாதத் தவணை லோனும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வருஷத்தில் இரண்டு தரம் காசு காண்கிற ஊரில் பன்னிரண்டு தரம் கட்டு என்றால் எங்கே போவது?

வட்டிக்குப் பயந்து பலர் வீட்டுக் காசில் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் காக்காவோ தம்பியோ வெளிநாட்டில் உழைத்த காசு. அதற்குத் தவணை இல்லை. ஆனால் எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி வந்த அன்றைக்குக் கடை முதலில் பாதி கல்லும் சீமெந்தும் ஆகிவிடும். எந்தத் தொழில் பயிற்சி வகுப்பிலும் இதை ஓர் ஆபத்தாக எழுதி நான் பார்த்ததில்லை. புதுக்கடைக்காரனிடம் நான் விசாரிக்கிற முதல் விஷயம், வீட்டில் எத்தனை குமர்கள் என்பதுதான்.

2019 தொடங்கி நான்கு நோன்புப் பெருநாள் வரிசையாகக் கெட்டது. அந்த வருஷம் ஏப்ரல் 21இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகள், 26இல் பக்கத்துச் சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும், பிறகு ஊரடங்கு. பெருநாள் சரக்கெல்லாம் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. 2020 மே கொரோனா ஊரடங்கில் போனது. 2021 மேயில் பெருநாளை ஒட்டியே நாடு முழுக்கப் பயணத்தடை. அந்த மாதமே இரசாயனப் பசளை இறக்குமதியையும் நிறுத்தினார்கள். அடுத்த பெரும்போகம் படுத்தது. 2022 மே பெருநாளுக்கு வயலில் காசில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐ நெருங்கியிருந்தது. பக்கத்து ஊர் மருதமுனைத் தறிக்காரர்களுக்கு நூல் விலையும் சாய விலையும் கைக்கு எட்டாமல் போயின.

அந்த நான்கு வருஷத்தைத் தாண்டியவர்களில் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லக்கூடியவர் அதிகமில்லை. கடை சொந்தக் கட்டடம். கொழும்புக்கு வைத்த கடன் குறைவு. பெருநாள் உடுப்போடு பள்ளிக்கூட வெள்ளைத்துணி, பெட்ஷீட், சாரம், மையித்துக்குச் சுற்றுகிற கபன் துணி எல்லாம் வைத்திருந்தவர்கள். எந்த மாதமும் ஆள் தேடி வருகிற சாமான் அது. லாபம் சிறிது, பார்வைக்கும் அழகில்லை. ஏசிக் கடைக்காரர்கள் அதைத் தொடுவதில்லை.

இப்போது பெருநாள் மார்ச்சுக்கு வந்திருக்கிறது. பெரும்போகக் காசும் பெருநாளும் ஒன்றாகச் சேர்கிற காலம். கடைத்தெருவில் புதுப் போர்டுகள் ஏறுகின்றன. பேஸ்புக்கில் நேரலையாக அபாயா விற்றுப் பழகிய ஒரு பொடியன் வந்து, "காக்கா, பத்து வருஷக் குத்தகைக்குக் கடை வருது, எழுதவா?" என்றான். திறமையான பிள்ளை, ரசனையும் உண்டு. காலண்டரை எடுத்து எண்ணிக் காட்டினேன். 2031இல் நோன்புப் பெருநாள் ஜனவரிக் கடைசிக்கு வந்துவிடும். அப்போது இங்கே பெரும்பாலான வயலில் கதிர் முற்றியிருக்காது. கையில் இருந்ததெல்லாம் பசளைக்கும் மருந்துக்கும் போயிருக்கும்.

"நாலு வருஷத்துக்கு எழுது தம்பி. மிச்சத்தைப் பிறகு பேசு. கபன் துணிக்கு ஒரு தட்டு ஒதுக்கு" என்றேன். முதல் இரண்டுக்கும் தலையாட்டினான். மூன்றாவதுக்கு முகத்தைச் சுளித்தான்.