மேகத்தினூடே விசுவாசம்

விசுவாசம் என்றதும் ஆலய மணியும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. ஆனால், விசுவாசத்துக்கு வேலை இருப்பது வாரத்தின் ஏனைய ஆறு நாள்களில்தான் என்பது என் எண்ணம். அவரவர் தொழிலே அதற்குப் பள்ளிக்கூடம். பால்மரம் சீவுகிறவருக்கு விடியற்கால இருளும், மீனவருக்குக் கடலும் கற்பிப்பதை எனக்கு வானம் கற்பித்தது. பல்லாண்டுகள் சரவாக்கின் மலைகளுக்கு மேலே சிறு விமானங்களைச் செலுத்திப் பிழைத்தவன் நான். அத்தொழிலில் கற்ற சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தரையில் வாழும் நாம் மேல் எது, கீழ் எது என்பதை ஐயமின்றி அறிகிறோம். மேகத்துக்குள் புகுந்த விமானிக்கு அந்த உறுதி இல்லை. நம் உட்செவியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புகையில் அந்நீர்மம் பின்தங்குவதைக் கொண்டே, 'திரும்புகிறோம்' என்று மூளை அறிகிறது. ஆனால், ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், ஏறத்தாழ 20 வினாடிகளில் நீர்மமும் குழலோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். உடனே, 'நேராகச் செல்கிறோம்' என்று உடல் உறுதி கூறும். அந்நிலையில் விமானத்தை உண்மையாகவே நேராக்கினால், எதிர்ப்புறம் சாய்வதாகத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி மீண்டும் சாய்ப்பவன், சுருள் சுருளாகக் கீழிறங்கி மடிவான்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி பெறாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானத்தைச் செலுத்தச் செய்து சோதித்தனர். இருபதின்மருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 வினாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை! ஆகவேதான், 'உன் உடல் சொல்வதை நம்பாதே. உன் முன்னிருக்கும் கருவி சொல்வதை நம்பு' என்பது எங்களுக்கு முதற்பாடம் ஆயிற்று.

இப்பாடத்தின் முழுப்பொருளையும் நான் உணர்ந்தது விமானத்தில் அன்று, என் இல்லத்தில்தான். என் துணைவியார் காலமான ஆண்டில், ஜெபிக்க முழங்காலிட்டால் சுவரோடு பேசுவது போன்றிருந்தது. தேவன் அருகில் இருக்கிறார் என்னும் உணர்வு என்னை விட்டு அறவே அகன்றிருந்தது. 'உணர்வு போயிற்று, ஆகவே அவரும் போய்விட்டார்' என்று என் துயரம் வாதாடியது. அப்போது, மேகத்துக்குள் என் உட்செவி எத்தனை முறை இதே உறுதியோடு பொய் சொல்லியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தேன். உணராமை ஒன்று; இல்லாமை வேறொன்று. அந்த ஆண்டு முழுவதும் எந்த இனிமையும் இல்லாமலே வேதத்தை வாசித்தேன், ஆராதனைக்குப் போனேன். மேகம் எப்போது விலகியது என்று நாள் குறிக்க என்னால் இயலாது. ஆனால், விலகியபோது நான் நிமிர்ந்தே இருந்தேன்.

"அப்படியானால் விசுவாசம் என்பது கண்மூடித்தனந்தானா?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அன்று! கருவிகளும் பழுதடைவதுண்டு. நல்ல விமானி ஒரே கருவியில் விழிகளைப் பதித்து வைப்பதில்லை. செயற்கை அடிவானம், வேகமானி, உயரமானி, திசைகாட்டி என்று மாறி மாறிப் பார்க்கிறான்; ஒன்று சொல்வதை மற்றொன்றால் சரிபார்க்கிறான். விசுவாசிக்கும் வேதம் உண்டு, மனச்சாட்சி உண்டு, சபையில் மூத்தோரின் அறிவுரை உண்டு. இவை ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவிசுவாசம் ஆகாது; அது பொறுப்பு.

1935 அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவில் போயிங் 299 என்னும் புதிய விமானம் சோதனைக்காக மேலெழுந்த சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. சுக்கான் பகுதிகளைப் பூட்டியிருந்த பூட்டை விடுவிக்காமலே புறப்பட்டிருந்தனர். செலுத்தியவர் தேர்ந்த விமானி. அறிவு இருந்தும் நினைவு தவறும் என்பதை உணர்ந்த பிறகே, புறப்படுமுன் சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்கும் வழக்கம் வேரூன்றியது. நாள்தோறும் சொன்ன ஜெபத்தையே மீண்டும் சொல்வானேன் என்று இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் இந்நிகழ்ச்சியையே நான் எடுத்துக் கூறுவேன். தெரியாததற்காக அல்ல, மறவாதிருப்பதற்காகவே படிக்கிறோம்.

இனி, நெஞ்சைவிட்டு அகலாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கெலாபிட் மக்கள் வாழும் பாரியோ, 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மலைகள் சூழ அமைந்த பீடபூமி. 1973-இல் அங்குள்ள பள்ளி மாணவரிடையே தொடங்கிய ஆன்மிக எழுச்சியை சரவாக் கிறிஸ்தவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். மிரியிலிருந்து அவ்வூருக்கு 19 பேர் அமரும் டுவின் ஓட்டர் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம், மலை வழிவிட்டால்! ஒருநாள் தந்தையின் நல்லடக்கத்துக்கு விரையும் இளைஞர் ஒருவர் என் விமானத்தில் இருந்தார். பாரியோவை நெருங்கியபோது கணவாய் முழுவதையும் மேகம் அடைத்திருந்தது. அவருடைய முகம் என் நினைவில் நின்றது, ஆயினும் திரும்பினேன். அன்று மீண்டும் புறப்பட வாய்க்கவில்லை. தந்தையின் முகத்தை இறுதியாகக் காணும் பேற்றை அவர் இழந்தார். மிரியில் இறங்கியதும் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஓடுபாதையோரமாக நின்று, தம் மொழியில் தாழ்ந்த குரலில் ஜெபித்தார். பிறகு என் கையைப் பற்றி, எல்லாரும் உயிரோடு இறங்கியதற்காக நன்றி செலுத்தியதாக மலாய் மொழியில் சொன்னார்.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு இயேசு இணங்கவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். தேவன் தாங்குவார் என்று மேகத்துக்குள் பாய்வது விசுவாசம் அன்று. அது அவரைச் சோதிப்பது. இழப்பைத் தாங்கிக்கொண்டு திரும்பவும், திரும்பிய இடத்தில் நின்று நன்றி கூறவும் முடிவதே விசுவாசம். அன்று விமானத்தைச் செலுத்தியவன் நான். விசுவாசத்தைக் கற்பித்தவர் அவர்.

எங்களிடம் எளிய கணக்கொன்று உண்டு. திசையில் ஒரு பாகை பிசகினால், 60 கடல் மைல் சென்றபின் ஒரு கடல் மைல் விலகியிருப்போம். காற்று ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், எந்த விமானமும் கோடு கிழித்தாற்போல் நேராகச் செல்வதில்லை; சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே சென்றுதான் ஊரை அடைகிறது. காலையில் ஐந்து நிமிட அமைதி, உண்ணுமுன் ஒரு நன்றி, உறங்குமுன் ஒரு மன்னிப்பு ஆகியவை அற்பமானவையாகத் தோன்றலாம். ஒரு பாகைத் திருத்தங்கள் அவை. அவற்றை நாள்தோறும் செய்துவருபவர் வழி தவறி வெகுதூரம் போய்விடுவதில்லை.