ஆர்.கே.பேட்டைத் தோட்டம்

அக்கினி நட்சத்திரத்தில் திருத்தணிக்குப் பிரயாணம் போகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் பக்தர்கள். அவர்களுக்கு வெயில் தெரியாது. மற்றவர்கள் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். அவர்களுக்குக் கோடை விடுமுறையை விட்டால் வேறு காலம் கிடையாது. நாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர் என்பதைப் பாதி மலை ஏறுவதற்குள்ளேயே தெரிந்துகொண்டோம். மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்று சொல்வார்கள். அன்று அத்தனை படிகளும் சித்திரை, வைகாசி மாதத்து நாட்களாகவே நமக்குத் தோன்றின.

மேலே குமரனைத் தரிசித்துவிட்டு நிழலில் உட்கார்ந்தபோது, உடன் வந்த நண்பர் ஸ்தல புராணத்தை ஆரம்பித்தார். இந்திரன் இங்கே வந்து, சுனை ஒன்றில் நீலோற்பலத்தை நட்டு வளர்த்து, அந்தப் பூவைக் கொண்டு முருகனைப் பூஜித்தானாம். நமக்கு ஒரு யோசனை எழுந்தது. மழைக்கே அதிபதி இந்திரன். அப்பேர்ப்பட்டவன் தோட்டம் போட ஆசைப்பட்டபோது, தன் மழையை நம்பாமல் சுனையைத் தேடிப் பிடித்திருக்கிறான்! "இந்தப் பக்கத்து நிலவரத்தை நன்றாக விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான்" என்றோம்.

நண்பர் சிரித்தார். "சுனை இல்லாதவர்கள் எப்படித் தோட்டம் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்றார். அவருடைய ஊர் ஆர்.கே.பேட்டை.

திருத்தணியிலிருந்து மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினோம். ராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற நீண்ட பெயரை ஜனங்கள் சௌகரியத்துக்காக ஆர்.கே.பேட்டை என்று சுருக்கிவிட்டார்கள். இந்தப் பிரதேசம் ஒரு காலத்தில் கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது அதோடு போயிற்று. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அங்கே சென்றது. ம.பொ.சிவஞானம் முதலியவர்கள் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக் கோடு இப்படி நகர்ந்ததே தவிர, வீடுகளுக்குள்ளே பாஷைகள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தமிழில் டிக்கெட் வாங்கி, தெலுங்கில் வெயிலைத் திட்டினார்.

திட்டுவதற்கும் நியாயம் இருக்கத்தான் செய்தது. சாலையின் இரு பக்கமும் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் உண்ட உஷ்ணத்தை இரவில் திருப்பிக் கொடுக்கும் பாறைகள் அவை. குன்றுகளின் அடியில் செம்மண் காடு. நிலக்கடலை எடுத்த கொல்லைகள் வெறிச்சென்று கிடந்தன. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்கள் நெசவுக்குப் பெயர் பெற்றவை. தறிச் சத்தம் கேட்கிற இடமெல்லாம் ஜனங்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பச்சை தெரிகிற இடம்தான் அபூர்வம்.

"பாலைவனம் போலிருக்கிறதே!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோம்.

"அப்படிச் சொல்லாதீர்கள்" என்றார் நண்பர். "ராஜஸ்தானத்து ஜெய்சால்மரில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை சுமார் 200 மில்லிமீட்டர். எங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு கிடைக்கிறது. தென்மேற்குப் பருவமும் கொஞ்சம் கொடுக்கிறது. வடகிழக்குப் பருவமும் கொடுக்கிறது. ஆனால் சில நாட்களிலே கொட்டிவிட்டு, பாறையிலே சறுக்கி, ஓடையிலே விழுந்து போய்விடுகிறது. அங்கே வீட்டு முற்றத்திலே தொட்டி வெட்டி, கூரைத் தண்ணீரைக் குடிதண்ணீராகக் காப்பாற்றுகிறார்கள். எங்களுக்கு மழையில் குறைச்சல் இல்லை; வைத்துக்கொள்வதில்தான் குறைச்சல்."

அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். புழக்கடைக் கதவைத் திறந்ததும் நாம் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றோம். நாலு சென்ட் இருந்தால் அதிகம். அதற்குள் ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, கறிவேப்பிலை, இரண்டு வாழை. பந்தலிலே பீர்க்கும் சுரையும். பந்தலின் நிழலிலே கத்தரியும் கொத்தவரையும். வேலி ஓரத்தில் புளிச்சகீரை. நண்பரின் தாயார் அதைக் "கோங்கூர" என்றுதான் சொல்கிறார். கிணற்று மேடையைச் சுற்றிக் கனகாம்பரம். ஆனால் கிணற்றை எட்டிப் பார்த்தால், அடியிலே சருகுதான் கிடக்கிறது! அது வற்றிப் பல வருஷங்கள் ஆகிவிட்டனவாம். குடிப்பதற்கும் புழங்குவதற்கும் தெருக் குழாயில் பிடித்துவரும் குடங்கள்தான்.

"பின்னே இதற்கெல்லாம் தண்ணீர்?" என்று கேட்டோம்.

அம்மாள் மருமகளைப் பார்த்தார்; மருமகள் மாமியாரைப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருந்தது.

கிணறு வற்றிய வருஷம் அது. தெருக் குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்பது மருமகள். கொண்டுவந்த குடத்தில் பாதியை மாமியார் கத்தரிச் செடிக்கு ஊற்றிவிடுவார். ஒரு நாள் மருமகள் குடத்தைத் தொப்பென்று வைத்து, "அத்தை, என் இடுப்பிலே வந்த தண்ணீர் இது. செடி பிழைக்க வேண்டுமா, நான் பிழைக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டாராம்.

"நான் என்ன சொல்ல முடியும், தம்பி?" என்றார் அம்மாள் நம்மிடம். "அவள் கேட்டது நியாயம். மாமனார் வைத்த முருங்கை, விட மனசில்லை. அதுவும் நியாயம். மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை."

நாலாம் நாள் மருமகளே ஒரு சட்டம் போட்டார். புதுத் தண்ணீர் ஒரு சொட்டும் தோட்டத்துக்குப் போகக்கூடாது; வீட்டிலே ஒரு வேலை செய்த தண்ணீருக்குத்தான் அங்கே இடம் உண்டு. மாமியார் ஒப்புக்கொண்டார். தோட்டமும் பிழைத்தது, குடும்ப சமாதானமும் பிழைத்தது.

சட்டத்தை அமல் நடத்துகிற விதம் வெகு நேர்த்தி. அரிசியும் காய்கறியும் கழுவிய தண்ணீர் தெளிய வைத்து இறுக்கப்பட்டுப் பானைகளுக்குப் போகிறது. பானைகள் என்றால், செடிகளின் நடுவே கழுத்து வரையில் புதைத்திருக்கும் மண் பானைகள். சூளையிலிருந்து வந்த வெறும் பானை. மெருகோ சாயமோ கூடாது. மண் காய்ந்தால் பானைச் சுவரின் வழியாக ஈரம் கசிகிறது. மண் நனைந்திருந்தால் கசிவு குறைந்துவிடுகிறது. செடியின் தாகம் எவ்வளவோ அவ்வளவுதான் செலவு. மேல் மண் உலர்ந்தே இருப்பதால் வெயில் குடிப்பதும் குறைவு, களையும் குறைவு. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் நிரப்பினால் போதுமாம். கொசு முட்டையிடாதபடி ஒவ்வொரு பானைக்கும் இறுக்கமான மூடி உண்டு.

பாத்திரம் துலக்கிய தண்ணீர் கல்வாழை அடர்ந்த ஒரு சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கும் முருங்கைக்கும் செல்கிறது. பச்சையாகத் தின்னும் காய்க்கும் கீரைக்கும் அது கிடையாது. துணி துவைத்த நீரில் கடைசி அலசல் மட்டும் எலுமிச்சைக்கு. சோப்பு நீரை ஊற்றி ஒரு கறிவேப்பிலையைக் கொன்ற பிறகுதான் இந்தப் பாடம் வந்தது என்று மருமகள் ஒளிக்காமல் சொன்னார். மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அந்த இடத்துக்கு ஓய்வு. மழை வந்து கழுவிய பிறகே மறுபடி நடவு.

பாத்திகள் மேடாக இல்லை. தரைக்குக் கீழே ஒரு சாண் பள்ளமாக இருக்கின்றன. ஈரமும் சருகும் அங்கேயே தங்குகின்றன. மேலே கடலைத் தொலியை நாலு விரல் கனத்துக்குப் பரப்பியிருக்கிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் தண்ணீர் விடுகிறார்கள். மழைக் காலத்தில் கூரைத் தண்ணீர் முழுதும் பழைய கிணற்றுக்குள் இறங்குகிறது. 2003-இல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானபோது வைத்த குழாய் அது. பல வீடுகளில் அந்தக் குழாய் அடைத்துக் கிடக்கிறது. இங்கே ஒவ்வொரு ஆடி மாதமும் அதைச் சுத்தம் செய்கிறார்கள்.

பானை வித்தை புதியதன்று. ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முன்பே சீன தேசத்தில் ஃபான் ஷெங்ஜி என்பவர் எழுதிய விவசாய நூலில், பானையைப் புதைத்து முலாம்பழம் வளர்க்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. 1960-களில் இஸ்ரேல் நாட்டார் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு உலகத்தை வியக்க வைத்தார்கள். தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே: தரைக்கு ஊற்றாதே, வேருக்குக் கொடு.

பேச்சு நடுவே அம்மாள், "உங்கள் பள்ளிக்கூடத்திலே தோட்டம் உண்டா, தம்பி?" என்று கேட்டார்.

நமக்குத் தலை குனிந்தது. 1950-இல் கே.எம்.முன்ஷி மத்திய உணவு மந்திரியாக இருந்தபோது ஆரம்பித்த வனமகோத்ஸவத்தைப் பற்றி வகுப்பிலே விஸ்தாரமாகப் பாடம் நடத்தியிருக்கிறோம். சென்ற வருஷம் மாணவர்களைக் கொண்டு இருபது கன்றுகள் நட்டு, போட்டோவும் பிடித்துக்கொண்டோம். கோடையில் பதினேழு பட்டுப்போயின. "என்ன செய்வது, தண்ணீர் இல்லை" என்று சமாதானமும் சொல்லிக்கொண்டோம். அதே பள்ளியில் தினம் மாலை மணி அடித்ததும், பிள்ளைகள் பாட்டில்களில் மிஞ்சிய தண்ணீரைப் புழுதியில் கொட்டிவிட்டு ஓடுகிறார்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறோம்!

தேசத்துக்குத் தொண்டு செய்யப் பெரிய அணைகளும் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு குடம் தண்ணீரிடம் இரண்டு வேலை வாங்குவதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை. குடம் சுமக்கிறவளின் இடுப்பு வலியை மற்றவர்கள் அறிந்தால் போதும்.

புறப்படும்போது அம்மாள் இரண்டு கத்தரிக்காய்களும் ஒரு கட்டுக் கோங்கூரவும் கொடுத்தார். நாம் குயவர் வீட்டு வழியாகப் போய் மூன்று பானைகளும் வாங்கிக்கொண்டோம். பஸ் கண்டக்டர் அவற்றைப் பார்த்து, "பொங்கலுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே, சார்?" என்று கேட்டார்.

"பொங்கலுக்கு இல்லை, பிழைத்திருக்கிற மூன்று கன்றுகளுக்கு" என்றோம். அவர் பானைகளுக்கு டிக்கெட் கேட்கவில்லை.